பன்னிரண்டாவது அங்கி

தையல்காரருக்கு 'அரையிஞ்சு' என்று பெயர் வந்ததற்கு அவரேதான் காரணம். எதைத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே அரை அங்குலம் கூடுதலாக மடித்து விட்டுவிடுவார். "உடம்பு மாறும், துணி வீணாகக் கூடாதுல்ல" என்பார். அதெல்லாம் வாய் ஓயாமல் பேசிய காலம். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. கடைக்குப் பின்னாலுள்ள அறையில் ஒருவருக்கு மட்டும் சமைத்து, சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். சர்ச்சுக்குப் போவதில்லை. கடவுளோடு டூ விட்டாகிவிட்டது. சின்னப்பிள்ளைத்தனம்தான். கோபத்துக்கு வயதா தெரியும்?

அப்படியிருந்தும் சர்ச் பாடகர் குழுவுக்குப் பதினோரு வெள்ளை அங்கி தைக்க ஒப்புக்கொண்டார். கை சும்மா இருந்தால் மனம் பாடாய்ப் படுத்துகிறதே.

இஸ்திரி போட்டு அடுக்கியபோது பன்னிரண்டு இருந்தன. மறுபடி எண்ணினார். கடைசி அங்கியை உதறிப் பார்த்தார். வலது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. மனைவியின் தோள் அப்படித்தான் இறங்கியிருக்கும். முப்பது வருடம் அந்தக் குழுவில் பாடியவளுக்கு அளவு நாடா பிடிக்காமலே வெட்டிப் பழகிய கை, அவரைக் கேட்காமலே தைத்து முடித்திருந்தது.

"அவளை எடுத்துக்கிட்டீரு. அளவை மட்டும் ஏன் என் கையில விட்டு வச்சீரு?" என்று ஆளில்லாத கடையில் கத்தினார். டூ விட்டிருந்தவர் தானாகவே பேசிவிட்டாரே!

மறுநாள் குழுத் தலைவி வந்து எண்ணினார்.

"ஒண்ணு கூடுதலா இருக்கே அண்ணே?"

"அது அவளோடது. ஏதோ ஞாபகத்துல தைச்சுட்டேன்."

தலைவி அங்கியைத் தடவிப் பார்த்தார். "புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கா. அளவெடுத்தப்போ அவ இல்ல. இதை அவளுக்குக் கொடுக்கலாமா? மனசில்லன்னா நீங்களே வச்சுக்கோங்கண்ணே."

மனசில்லைதான். பெட்டியில் வைத்துத் தினமும் எடுத்துப் பார்க்கலாம். அங்கியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலது தோளின் தையலைப் பிரித்தார். உள்ளே மடித்து விட்டிருந்த அரை அங்குலத்தை விரித்துத் தோளை நேராக்கினார்.

ஞாயிறன்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. பன்னிரண்டு பேர், எல்லாத் தோளும் ஒரே மட்டம். இறங்கிய தோளை அவர் கண் தேடிக்கொண்டே இருந்தது. இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"ஆண்டவரே, இன்னைக்கு என்கூட வீட்டுக்கு வாரும்" என்றார் மெல்ல. "தனியா இருக்க முடியல."