ஐந்து மணிக்குள் ஒரு பதில்

என் நண்பர் பாடவிருந்த ஒரே மேடையை நான் இல்லாமல் ஆக்கினேன். அவருக்குத் தெரியாமல், என் கைபேசியிலிருந்து, நான்கு சொற்களில். கோபத்தில் செய்ததல்ல, யோசித்துச் செய்தது. யோசிக்க எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

அவரை இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் முப்பது வருடமும் 'நீ', 'வாய்யா' என்றுதான் பேசினேன். என்னைவிட ஐந்து வயது இளையவர் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் 'சார்' என்பார்.

அரியலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். அவர் ஆய்வக உதவியாளர். சுரமானி என்பது மரப்பெட்டியின் மேல் கம்பி இழுத்துக் கட்டிய கருவி. அந்தச் சோதனையில், கம்பியின் மேல் ஒரு சிறு காகிதத்தை மடித்து உட்கார வைத்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றுவோம். கம்பியின் நீளம் சரியாக இருந்தால் காகிதம் துள்ளி விழும். பிள்ளைகள் கட்டையை நகர்த்தி நகர்த்தி அரை மணி நேரம் போராடுவார்கள். அவர் கவையை ஒரு தடவை காதோரம் வைத்துக் கேட்பார், கம்பியைச் சுண்டுவார், கட்டையை ஒரு விரல் தள்ளுவார். காகிதம் விழுந்துவிடும்.

"எப்படிய்யா?" என்று கேட்டால், "ரெண்டும் ஒரே மாரி கேட்டுச்சு சார், அவ்வளவுதான்" என்பார்.

எனக்குச் சிறுவயதில் ஆறு வருடம் வீட்டுக்கே வந்து பாட்டு சொல்லிக்கொடுத்தார் ஓர் ஆசிரியர். மீன்சுருட்டிப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது, வசதி இருந்தது. என் நண்பருக்கு டீக்கடை ரேடியோவும், கோயில் ஒலிபெருக்கியும், பிறகு சனிக்கிழமை பஜனையும்தான். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். ஆசிரியர் அறையில் யாரும் அதைப் பேசியதில்லை. நானும் மறந்துவிட்டதாகவே நம்பினேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் பெரம்பலூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். மகன் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டுகிறார். வருடம் தவறாமல், தை மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, திருச்சியில் நடக்கும் இசை விழாவுக்கு நாங்கள் இருவரும் போவோம். நான் அரியலூரிலிருந்து காலை பஸ் பிடித்துப் பெரம்பலூரில் இறங்குவேன். அங்கே டீ குடித்துவிட்டுத் திருச்சி பஸ் ஏறுவோம். வழியெல்லாம் ராகங்களைப் பற்றி நான் பாடம் நடத்துவேன். "அப்படிங்களா சார்" என்று கேட்டுக்கொள்வார். அதில் பாதிக்கு மேல் அவருக்கு முன்பே தெரியும் என்பதை நான் கவனிக்க விரும்பவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், அந்த விழாவில் ஞாயிறு காலை 'ரசிகர் அரங்கம்' என்று ஒன்றை அறிவித்தார்கள். கேட்க வருபவர்களில் ஆறு பேருக்கு மேடை. வயலின், மிருதங்கத்தோடு ஆளுக்குப் பத்து நிமிடம். பாடிப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும்.

அதே சமயம் அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. விழா முடிந்த புதன்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தது. குரல் மாற வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"போனா போவுது சார். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ மைக்குல பாடிப்புடணும். எம் பொண்டாட்டி கேட்டதே இல்ல. குளிக்கறப்ப பாடறதத்தான் கேட்டுருக்கா" என்றார்.

அவரிடம் பட்டன் போன். தேர்வானால்தான் வீட்டில் சொல்ல வேண்டும் என்று மகனின் போனையும் கேட்கவில்லை. என் வீட்டுப் பின்னறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, நான்தான் பதிவு செய்தேன். சண்முகப்பிரியா ராகத்தில் ஒரு முருகன் பாட்டு. பாடி முடித்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். என் பாட்டுக்கு அவள் அப்படி வந்து நின்றதில்லை.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நானும் ஒன்று பாடி அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு பதில்களும் ஒன்றன்பின் ஒன்றாக என் போனுக்கே வந்தன. அவர் பெயருக்கு வாழ்த்து. என் பெயருக்கு, 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இம்முறை இடமில்லை.' அவருக்கு வந்ததை அவரிடம் சொல்ல நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம், விழா மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றோம். எங்கள் பள்ளியின் பழைய தலைமையாசிரியர் எதிரே வந்தார்.

"என்னய்யா, நாளைக்கு நம்ம லேப் அசிஸ்டென்ட் பாடறாராமே! நீர் ஏன் பாடல? நீர்தானே வருஷம் பூரா தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருப்பீர்?" என்று என் தோளில் தட்டினார். வரிசையில் இரண்டு பேர் திரும்பிச் சிரித்தார்கள்.

"சார்தாங்க எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது" என்றார் என் நண்பர்.

அது பொய். நான் அவருக்கு எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. என் மானத்தைக் காப்பதற்காகச் சொன்னார். தலைமையாசிரியரின் கேலியைத் தாங்கிக்கொண்டிருப்பேன். இந்தக் கருணையைத் தாங்க முடியவில்லை.

கையில் தட்டோடு உட்கார்ந்தபோது செய்தி வந்தது. மணி இரண்டு இருக்கும். நாளை பாடுபவர்கள் இன்று மாலை ஐந்து மணிக்குள் வருகையை உறுதி செய்ய வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"யாருங்க சார்?"

"வூட்லேருந்து."

பிற்பகல் கச்சேரியில் யார் பாடினார்கள், என்ன பாடினார்கள் என்று இன்றுவரை நினைவில்லை. நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் போடாமல் விட்டால் கூப்பிட்டுக் கேட்பார்கள், அப்போது பேச வேண்டிவரும் என்று கணக்குப் போட்டேன். இதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. அவர் இடம் எனக்கு வரப்போவதில்லை. அவர் மேடையில் உட்கார்ந்திருக்க, நான் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நாலரைக்கு அவர், தொண்டைக்கு வெந்நீர் வாங்கப் பிளாஸ்க்கோடு எதிர்க் கடைக்குப் போனார். நான் எழுதினேன்: 'உடல்நலமில்லை. வர இயலாது. நன்றி.' அனுப்பினேன். 'விரைவில் குணமடையுங்கள் ஐயா' என்று உடனே பதில் வந்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

அவர் திரும்பி வந்து, வெந்நீரை எனக்கும் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்னு ஏதும் மெசேஜ் வந்துச்சுங்களா சார்?"

"வந்தா சொல்ல மாட்டனா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவர் மனைவியும் மகனும் மருமகளும் பேத்தியும் பெரம்பலூரிலிருந்து வந்துவிட்டார்கள். அவர் மனைவி கல்யாணத்துக்கு வருவதுபோல் பட்டுப்புடவையில் வந்திருந்தார். இரண்டாவது வரிசையில் வரிசையாக உட்கார்ந்தோம். அவர் வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

முதல் பெயர் கூப்பிட்டார்கள். அவர் இல்லை. இரண்டாவது, மூன்றாவது.

"கடேசில வெச்சிருப்பாங்க" என்றார் மனைவியிடம்.

நான்காவதாக ஒரு வங்கி அதிகாரி பாடினார். ஐந்தாவது பெயருக்கு என் நண்பர் பாதி எழுந்து உட்கார்ந்தார். ஆறாவதாக, அவர் இடத்தில் சேர்த்த ஒரு பெண்மணி மேடையேறியபோது, பேத்தி, "தாத்தா, நீ எப்ப?" என்று கேட்டது. அப்போதும் எழுந்து ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கெஞ்சினால் பத்து நிமிடம் கொடுத்திருப்பார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் அவர் மேடையோரம் இருந்த தன்னார்வலரான பெண்ணிடம் போனார். கல்லூரியில் படிக்கிற பெண். நானும் பின்னாலேயே போனேன். அங்கே என்ன பேச்சு நடக்கும் என்ற பயத்தில் போனேன்.

"ஐயா, உடம்பு சரியில்லன்னு நேத்தே நீங்க மெசேஜ் போட்டீங்களே?"

"நானா?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் வரல, நான் ஒண்ணும் அனுப்பல. வேற யாரோடவோ குழப்பிக்கிட்டாங்க போல" என்றேன்.

"இல்ல சார், நான்தான் பதில் போட்டேன். போன் ஆபீஸ் ரூம்ல சார்ஜ்ல இருக்கு, எடுத்துட்டு வந்து காட்டறேன்..."

"விடும்மா. செய்யறதையும் செஞ்சிட்டு... முடிஞ்சு போச்சு, விடு." வாத்தியார் குரலில் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. போகாமல் நின்றுவிட்டாள்.

வெளியே வந்ததும் மகன் கேட்டார்: "பயந்துக்கிட்டு நீங்களே வேணாம்னுட்டீங்களாப்பா? அப்பறம் எங்கள எதுக்கு வரச் சொன்னீங்க? ஒரு நாள் லீவு இது."

"எனக்கு ஒண்ணும் தெரியலடா. அந்தப் பொண்ணு என்னமோ மாத்திப்புடுச்சு" என்றார் அவர்.

புதன்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு குரல் வந்தது, தடித்த, கீழேயே நிற்கும் ஒரு குரல். மேலே ஏறவில்லை. ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். ஏறவில்லை.

அந்த ஆறு மாதமும் பழம் வாங்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவதாகக் கிளம்பி, சொல்லாமல் திரும்பினேன். ஒரு நாள், பக்கத்து வீட்டம்மாளிடம் அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வூட்டுக்காரரு பாடப் போனாரு. கூட்டத்தப் பாத்து ஒடம்பு சரியில்லன்னுட்டாரு. அந்தப் பட்டுப்பொடவய நான் கட்டுனதுதான் மிச்சம்." பக்கத்து வீட்டம்மாள் சிரித்தார். என் நண்பரும் அங்கேதான் நாற்காலியில் இருந்தார். மறுக்கவில்லை. ஆமாம் என்பதுபோல் சிரித்து வைத்தார். எவ்வளவு சொல்லியும் வீட்டில் நம்பாததால், செய்யாததை ஒப்புக்கொள்ள அவர் பழகியிருந்தார்.

பக்கத்து வீட்டம்மாள் போனதும், மகனையும் உள்ளேயிருந்து கூப்பிடச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். செய்தி வந்தது, நான் பதில் போட்டது, அழித்தது, எல்லாம்.

"ஏன் சார்?" என்றார் அவர் மனைவி.

"நானும் பாடி அனுப்பியிருந்தேன். என்னை எடுக்கல."

மகன் எழுந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க அவர இப்பிடிப் பேசியிருப்பமா? அன்னிக்குப் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?" என்று என்னை நோக்கிப் பாய்ந்து வந்தார். அவர் மனைவி கையை நீட்டித் தடுத்தார்.

என் நண்பர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் புதுக் குரலில், மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு மேல பழியப் போட்டனே சார். ஆறு மாசமா, போற வர்றவங்ககிட்ட எல்லாம். அது யாரு வூட்டுப் புள்ளையோ."

அவர் மனைவி சொன்னார்: "டீ போடட்டுமான்னு கேக்க வாய் வரல சார். கெளம்புங்க."

விழாக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதி, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரிவிக்கச் சொன்னேன். தெரிவித்ததாகப் பதில் வந்தது. அடுத்த விழாவில் அவருக்கு இடம் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். அதை அவர் மகனுக்கு அனுப்பினேன். 'அப்பாவுக்கு மேல வராது. இதோட விடுங்க' என்று ஒரு வரி வந்தது. அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நான் விழாவுக்குப் போகவில்லை.

இந்த வருடம் போனேன். பெரம்பலூர் வழியாகப் போகாமல், அரியலூரில் ரயில் ஏறி நேரே போனேன். மண்டபத்தில் அவர் இருந்தார், மனைவியோடு. நான் தள்ளி உட்கார்ந்தேன். மதியம் கை கழுவும் இடத்தில் அவரே என் பக்கம் வந்தார்.

"ஒடம்பு எப்டி இருக்கு சார்?"

"இருக்கு."

"வூட்ல வந்து சொன்னீங்க. அதுலேருந்து எம் மவன் அந்தப் பேச்ச எடுக்கறதில்ல. அவ அந்தப் பொடவயத்தான் இன்னிக்குக் கட்டியிருக்கா." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த மட்டுக்கும் நல்லது சார்."

"நான் வந்து பக்கத்துல உக்காரட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். என்னை நோகடிக்காத ஒரு பதிலைத் தேடுகிறார் என்று தெரிந்தது. கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"வேணாங்க சார். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பாட்டு காதுல ஏறாது."

சொல்லிவிட்டு, மனைவிக்கு ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.