இரண்டு பேருக்கும் கேட்கும் ஒயர்

ஒரு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின், மறுமுனையிலும் அப்படியே இரண்டு. திருத்தணி கடைத்தெருவில் அந்த ஒயரைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதைப் பையில் வைக்கவில்லை. ஊர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்தில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் விசைத்தறி ஓட்டியவர். இளவயதிலிருந்தே தறிச் சத்தத்துக்குள் கிடந்த காது, ஐம்பதைத் தாண்டியதும் மந்தமாகிவிட்டது. டாக்டர் சொல்லி வாங்கிய காது மெஷினைக் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தார். அதில் மனிதர் பேச்சைவிடப் பாத்திரம் உருளுவதுதான் பெரிதாகக் கேட்டது. கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசினார்கள். கத்தும்போது எந்தப் பேச்சும் திட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. காபி ஆறிப்போகிறது என்பதைக்கூட அக்கா சண்டைக்குப் போகிற குரலில் சொல்ல வேண்டியிருந்தது. சாப்பாடு, மாத்திரை, கரண்ட் போனது, வந்தது என்று அவசியமான பேச்சு மட்டும் மிஞ்சியது. கத்திச் சொல்ல முடியாததெல்லாம் மெதுவாக நின்றுபோனது. இன்றைக்கும் என் வீட்டில் யாராவது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கத்தினால் எனக்கு அந்த வருடங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

டிவியை அவருக்குக் கேட்கிற அளவு வைத்தால் மற்றவர்களால் அந்த அறையில் உட்கார முடியாது. எங்களுக்கு ஏற்றபடி வைத்தால் அவருக்கு வெறும் படம்தான். அதனால் சாயங்காலமானால் பாவா வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கூப்பிட்டாலும் வரமாட்டார்.

சென்னையில் வேலை பார்க்கும் அக்காவின் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோம் தியேட்டர் செட்டும், ஒயர் இல்லாமல் தலையில் மாட்டுகிற ஹெட்போனும் வாங்கி வந்தாள். நானும் போயிருந்தேன். எங்களுக்கு ஸ்பீக்கர், அப்பாவுக்கு ஹெட்போன் என்பது அவள் எண்ணம். ஹெட்போனுக்குச் சத்தத்தை அனுப்புகிற சின்னப் பெட்டியைச் செட்டின் முன்பக்கத் துளையில் சொருகினாள். பாவாவை இழுத்துவந்து உட்கார வைத்தோம். படத்தில் ஏதோ நகைச்சுவை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியவர் எங்கள் முகங்களைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். அங்கே சொருகியதும் ஸ்பீக்கர்கள் ஊமையாகியிருந்தன. நாங்கள் படத்தை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உங்களுக்கு வர்லியா? அப்ப எனக்கு மட்டும் இன்னாத்துக்கு? நீங்க பாருங்க.”

ஹெட்போனைக் கழற்றி அக்கா மடியில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார். அதில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. மகள் ரயிலுக்குக் கிளம்பிப் போனாள். மறுநாள் அக்கா பஸ் ஏறித் திருத்தணியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது தங்க முலாம் பூசிய முனைகளோடு தடியான எச்டிஎம்ஐ கேபிள். “இத்தப் போட்டா சவுண்டு அள்ளும்க்கா.”

“சத்தம் எங்க வூட்ல நெறையவே கீதுப்பா. ரெண்டு பேருக்கும் கேக்கணும். அதுக்கு இன்னா ஒயரு?”

அவர் கேபிளைக் கீழே வைத்துவிட்டார். நான் போனில் எடுத்து வைத்திருந்த செட்டின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஹெட்போன் ஓட்டைல சொருகினா ஸ்பீக்கர் கட்டாயிடும்க்கா. பின்னாடி ஆடியோ அவுட்னு செவப்பும் வெள்ளையும் கீது பாருங்க, அதுலேர்ந்து எடுத்தா ரெண்டும் பாடும். டிவிலேர்ந்து செட்டுக்கு இப்ப போட்டுகினு இருக்கற கேபிளே போதும். பக்கத்துல பக்கத்துல இருக்கறதுக்குத் தங்க முலாமெல்லாம் வாணாம்.”

செட்டின் பின்பக்கத்திலிருந்து ஹெட்போன் பெட்டிக்கு அந்தச் சிவப்பு வெள்ளை ஒயரை நான்தான் மாட்டினேன். பாவா வர மறுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, ஹெட்போனைத் தானே அவர் தலையில் வைத்தாள். படம் ஓடியது. அவருக்கும் கேட்டது, எங்களுக்கும் கேட்டது. நம்பாமல் ஒவ்வொரு வசனத்துக்கும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புவதை நிறுத்தினார்.

படம் முடிந்ததும் அக்கா, செட்டோடு வந்திருந்த மைக்கைக் கையில் எடுத்தாள். வீட்டில் பாட்டுப் பாடுகிறவர்களுக்காகக் கொடுப்பது.

“இதுல பேசினா அவருக்குக் கேக்குமாடி?”

சொருகிப் பார்த்தேன். ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கக் குறைத்தபோதும் ஹெட்போனில் கேட்டது. அக்கா என்னைப் பார்த்து, “போய் டீ போடு” என்றாள்.

அடுப்படியிலிருந்து அவள் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு மெதுவாகப் பேசினாள். பாவாவுக்கோ தன் குரல் எவ்வளவு பெரிது என்று எப்போதுமே தெரியாது. “ஆங், கேக்குது” என்றார். பிறகு, “அப்டியா?” கொஞ்சம் பொறுத்து, “இத்த ஏன் இத்தினி நாளா சொல்லல?” டீ கொதித்து வந்தது. நான் இறக்காமல் தீயை மட்டும் குறைத்தேன்.

அப்புறம் எதிர்வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண் தலை தூக்கிப் பார்க்கிற அளவுக்கு, பாவா சொன்னார்: “எனக்குந்தான்டி.”