அஸருக்குப் பிறகு நடை

சர்க்கரை இருப்பதாகத் தெரிந்த அன்று டாக்டரம்மாவிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "எத்தன மணிக்கு நடக்கணும்?" என்பதுதான். சீட்டில் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே தினமும் அரை மணி நேரம் நடை என்று மட்டும் இருந்தது. மாத்திரைக்கு நேரம் இருக்கும்போது நடைக்கும் ஒரு நேரம் இருக்கத்தானே வேண்டும்? அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு எப்ப முடியுமோ அப்ப நடங்க. விடாம நடக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது. வீட்டில் என் நேரம் எல்லாம் மற்றவர்கள் வருவதையும் போவதையும் ஒட்டித்தான் ஓடியது. செல்போனில் தேடினேன். ஒருவர் வெறும் வயிற்றில் நடந்தால்தான் பலன் என்றார். இன்னொருவர் சாப்பிட்ட பிறகு நடக்கச் சொன்னார். சாயங்காலம்தான் உடம்பு இளகியிருக்கும் என்றார் மூன்றாமவர். மூன்றும் சரி போலத்தான் தோன்றியது.

முடிவைப் பக்கத்து வீட்டுக்காரம்மா எடுத்தார். அவர் கணவருக்குச் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. ஏழு மணிக்கெல்லாம் கார் கிளம்பிவிடும் என்பதால் அந்தம்மா விடியற்காலையிலேயே நடையை முடித்துவிடுகிறவர். "காலைலதான்க்கா நல்லது. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரலாம். நான் இருக்கேன்ல, வாங்க" என்றார். என் கணவர் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து மறுபடி படுத்துத் தூங்கும் அந்த நேரத்தில் நான் புது ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். புர்காவுக்குக் கீழே வெள்ளை ஷூ தெரிவது முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது.

எட்டாம் நாள் அந்தம்மா சாத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டார். நான் தனியாகப் போனேன். வந்ததும் மறந்துவிடக்கூடாதே என்று காலை மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. குடோன்கள் இருக்கும் தெருவில் திரும்பும்போது கை நடுங்கியது. முதுகெல்லாம் வேர்த்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பூட்டியிருந்த ஒரு குடோன் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ள வந்த பெண்கள் அங்கே கதவு திறக்கக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"என்ன தாயி, மொகமெல்லாம் இப்பிடி வேர்க்குது? காலைல என்ன சாப்பிட்டீக?"

"ஒண்ணும் சாப்பிடல."

"சீனி வியாதியா?"

தலையை ஆட்டினேன். தன் தூக்குவாளியைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினாள். "சீனி அள்ளிப் போட்டிருக்கேன். யோசிக்காமக் குடிங்க. எங்க மாமியாருக்கும் இதே கததான்." அது அவள் பத்து மணிக்குக் குடிக்க வைத்திருந்த டீ என்பது குடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

போன் போட்டதும் என் கணவர் கட்டிய கைலியோடு வண்டியில் வந்தார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "இனிமே தனியாப் போக வேணாம். நானும் வாரேன்" என்றார்.

நான் அதை நம்பவில்லை. அவருக்குத் தகப்பனார் காலத்திலிருந்தே பருப்பும் வத்தலும் மொத்த வியாபாரம். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்தால் சாப்பிடுவதும் தூங்குவதும்தான். காலைத் தூக்கத்தை விடமாட்டார். "மத்தியானம் வேணா நடப்பமா?" என்றார். விருதுநகர் மத்தியான வெயிலில் தெருநாய்கூட லாரிக்கு அடியில்தான் படுத்துக் கிடக்கும். கடைசியில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் போவது என்று முடிவானது. கடையில் லோடு ஏறுகிற நேரம் அது. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அந்த நேரத்தில் அவர் கடையை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு மணி நேரத்தைத் தன் தம்பியிடம் ஒப்படைத்தார்.

வண்டியில் சூலக்கரை போய், கலெக்டர் ஆபீஸ் பக்கம் நிறுத்திவிட்டு நடப்போம். சாலை அகலம். லாரி நெருக்கடி கிடையாது. முதல் சில நாள் பேச ஒன்றும் அகப்படவில்லை. வழியெல்லாம் அவர் அடிக்கடி நின்றுவிடுவார். கேட்டால், "போன் வந்துச்சு" என்பார். என்னோடு நடப்பது அவருக்குச் சலிப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

ஆறாம் நாள், சட்டைப் பை கிழிந்திருக்கிறது என்று போனை என் கைப்பையில் போட்டிருந்தார். அதை மறந்துபோய்ப் பாதி வழியில் நின்று சட்டைப் பையைத் தடவினார்.

"போன் எங்கிட்டல்ல இருக்கு" என்றேன்.

பக்கத்தில் இருந்த சின்னப் பாலத்தின் சுவரில் உட்கார்ந்தார். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் நின்னாப் போயிருது."

"எம்புட்டு நாளா?"

"மூணு நாலு மாசமா. வத்தல் நெடின்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

"எப்பச் சொல்ல? நான் வாரப்ப நீ அடுப்படியில நிக்க. நான் சாப்பிட்டுப் படுத்துர்றேன்."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் போனோம். அவர் இ.சி.ஜி. பார்த்துவிட்டு அப்போதே மதுரைக்கு அனுப்பினார். இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன். நடக்கும்போது அவர் நின்ற ஒவ்வொரு இடமும் மனதில் வந்தபடி இருந்தது.

சில வாரம் கழித்து மெதுவாக நடக்கலாம் என்றார்கள். மறுபடி சூலக்கரைக்குப் போனோம். நான் முன்னால் போய்த் திரும்பி வருவேன், அவர் அதற்குள் பாதி தூரம் வந்திருப்பார். நோன்பு மாதத்தில் அந்த நேரம் கஞ்சி காய்ச்சுவதற்குப் போய்விட்டது. முப்பது நாளும் நடை இல்லை. பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் திரும்ப ஆரம்பித்தோம். என் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நிறைய இல்லை. காலையில் நடந்திருந்தால் இன்னும் இறங்கியிருக்குமோ என்னவோ. உடம்புக்கு எது நல்ல நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இந்த நேரத்தை மாற்ற மட்டும் மனம் வரவில்லை.

போன வாரம் நடக்கும்போது, சின்ன வயதில் கப்பல் வேலைக்குப் போக ஆசைப்பட்டதாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத சேதி.

"பெறகு ஏன் போகல?"

"அத்தா கடைக்கு வரச் சொன்னாக. வந்துட்டேன்."

சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். எந்தக் கப்பல், எந்த ஊருக்கு என்று நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்குக்கு நேரமாகியிருந்தது. வண்டி நின்ற இடத்தைத் தாண்டி வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.