கடல் கடந்து படிக்கப் போன என் மகள்

மூன்று பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையின் தாய் மாதக்கணக்கில் அழுதாள் என்றால் நம்புவீர்களா? அழுதது நான்தான். அம்மாளின் அடியார்களாகிய உங்களுக்கு இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

நான் நயினாதீவில் பிறந்து, நயினாதீவிலேயே கல்யாணம் முடித்து, இன்றைக்கும் நாகபூஷணி அம்மன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருக்கிறவள். கணவருக்குப் பிரதேச சபையில் வேலை. நான் வீட்டில் தையல். எங்களுக்கு ஒரே பிள்ளை, சங்கவி. உயர்தரத்தில் கணிதம் படித்தாள். ரியூசனுக்காகச் சனி ஞாயிறுகளில் முதல் படகில் குறிகாட்டுவானுக்குப் போய், அங்கேயிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போவாள். காற்று நாட்களில் படகுக்குள் தண்ணீர் அடிக்கும். புத்தகப் பையைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தான் நனைந்து வருவாள். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. தற்பெருமை பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. இந்த விஷயத்தில் நான் அடங்கப் போவதில்லை.

அவள் சோதனை எழுதுவதற்கு முன்பே நான் அம்மாளிடம் நேர்த்தி வைத்துவிட்டேன். “தாயே, என்ர பிள்ளை கடல் கடந்து படிக்கப் போகவேணும். போனால் உன்ர வீதி முழுக்க அடி அழிப்பன்.” விழுந்து கும்பிடுவதும் எழும்பி அடி வைப்பதுமாகக் கோயில் வெளிவீதியைச் சுற்றிவருவதைத்தான் அடி அழிப்பது என்போம். ஆனி வெயிலில், சுடுமணலில் அதைச் செய்வது விளையாட்டில்லை. பெரிய காரியம் கேட்கிறவள் பெரிதாகத்தானே கொடுக்க வேண்டும்?

கடல் கடந்து என்று நான் சொன்னது லண்டனை. கணவரின் தமையன், என் அத்தான், அங்கேதான் இருக்கிறார். சோதனை முடிவு வந்த அன்றே வீடியோ அழைப்பில் வந்துவிட்டார்.

“உந்த மூளையை வைச்சுக்கொண்டு உங்க தீவில ஏன் பிள்ளையைக் காய விடுறியள்? முதல் வருசத்துக் காசைக் கட்டி அனுப்புங்கோ. மிச்சத்தைப் பிள்ளை வேலை செய்து கட்டும்.”

“பெரியப்பா, நான் படிக்க வாறனோ, வேலைக்கு வாறனோ?” என்று சங்கவி கேட்டாள். அவர் சிரித்துச் சமாளித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. வலிய வருகிற நல்ல காரியத்தை இவள் கெடுக்கிறாளே என்று நினைத்தேன்.

முதல் வருடத்துக் காசுக்கு எங்களிடம் ஒரே வழி, என் சீதனக் காணி. நாளைக்கு அவளுக்கென்று இருப்பதும் அது ஒன்றுதான். அதை விற்கத் துணிந்தேன். துணிந்த பிறகுதான் அழுகை தொடங்கியது. காணியும் போய், போன இடத்தில் படிப்பும் முடியாமல் போனால் பிள்ளையின் கதி என்ன? விடாவிட்டால், இத்தனை கெட்டிக்காரியை நானே கட்டிப்போட்டதாக ஆகாதா? உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தையும் நிச்சயம் என்று சொல்ல முடியாது. அனுமதிக்கு எடுக்கவேண்டிய வெட்டுப்புள்ளி யாழ்ப்பாண மாவட்டத்துக்கு எப்போதும் உயர்ந்தே நிற்கும். அந்த முடிவு வர இன்னும் மாதங்கள் இருந்தன.

இதற்கிடையில் வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கூட்டம் வைத்தார். நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் நல்ல நல்ல படங்களாகக் காட்டினார். இவள் கை உயர்த்தினாள்.

“இந்தப் பட்டத்தோட திரும்பி வந்தால் இஞ்ச பொறியியலாளர் எண்டு ஏற்றுக்கொள்ளுவினமோ?”

“அதெல்லாம் பிறகு பாப்பம், தங்கச்சி.”

“பிறகெண்டால், காசு கட்டின பிறகோ?”

மண்டபமே சிரித்தது. நான் அவளுடைய தொடையில் கிள்ளினேன். கிள்ளிய கைக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

காணியை விற்று எழுத்து வைக்கும் நாளும் வந்தது. காணியை வாங்குகிறவர் யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டில் காத்திருந்தார். நாங்கள் மூவரும் வெளிக்கிட்டு இறங்குதுறைக்கு வந்தோம். சோளகக் காற்று ஊதி ஊதி அடித்தது. படகுகள் எல்லாம் கட்டியபடி நின்றன.

“அக்கா, இண்டைக்கு ஏலாது. கடலைப் பாருங்கோவன்,” என்றார் படகுக்காரர்.

என்னால் தாங்க முடியவில்லை. எதிரேயே அம்மாளின் கோபுரம். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. வாய்விட்டே கத்தினேன்.

“கடல் கடந்து படிக்கப் போகவேணும் எண்டுதானே கேட்டனான்? ஒரு படகைக்கூட விடமாட்டியோ தாயே?”

பின்னால் வந்து நின்ற சங்கவி, “என்னம்மா கேட்டனீங்கள்?” என்றாள். அதுவரை நேர்த்தியை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

“அம்மா, நாங்கள் நயினாதீவார். எங்களுக்குப் பல்லுப் புடுங்கப் போறதெண்டாலும் கடல் கடந்துதானே போகவேணும்!”

என் கணவர் அதிகம் பேசாத மனிதர். அவர் மெல்லக் கேட்டார்: “அம்மாளிட்ட லண்டன் எண்டு சொன்னனீரோ?”

“இல்லை.”

“அப்ப அவவின்ர கணக்கில கடல் எண்டால் உந்தக் கடல்தான்.”

அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! அம்மாளும் சிரித்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய வாசலில் அலையடிக்கிற கடலை மறந்துவிட்டு நான் லண்டனை நினைத்திருக்கிறேன். நயினாதீவில் பிறந்தவளுக்கு இப்படியும் ஒரு மறதி வருமா?

கோயில் வீதி நிழலில் இருந்துகொண்டு சங்கவி தன் தெரிவுகளை விளக்கினாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அவள் முதலாவதாகப் போட்டிருந்தது ஊர் முழுக்க மெச்சுகிற பல்கலைக்கழகத்தை அல்ல.

“ரெண்டு இடத்திலயும் பொறியியல் பட்டம் ஒண்டுதான் அம்மா. பெரிய இடத்தில ரெண்டாம் வருசம் வெளியில அறை எடுக்கவேணும். மற்றதில நாலு வருசமும் விடுதி. அங்க படிக்கிற அக்காமார் அஞ்சு பேரோட கதைச்சனான். சாப்பாடு, பஸ், வேலை எடுக்கிறது எல்லாம் கேட்டுத்தான் போட்டனான். படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. உதவித்தொகையும் வரும். காணியை விடுங்கோ. வெட்டுப்புள்ளி வருமட்டும் பொறுங்கோ.”

நான் கோயிலிலும் வீட்டிலும் அழுது திரிந்த நாட்களில் என் பிள்ளை ஒவ்வொருவராகத் தேடி விசாரித்து வைத்திருக்கிறாள். அந்த இடத்திலேயே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காணி வாங்க இருந்தவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். அத்தான் கொஞ்ச நாள் கதைக்கவில்லை. நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுகை நின்றுவிட்டது.

வெட்டுப்புள்ளி வந்த அன்று நான் சட்டை ஒன்றுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியோடு ஓடிவந்தாள்.

“அம்மா, கிடைச்சிட்டுது! முதலாவதாப் போட்டதே கிடைச்சிட்டுது!”

மயிரிழையில்தான் தப்பியிருந்தாள். அந்த மயிரிழைதான் அம்மாளின் கை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. படகு அன்றைக்கு ஓடியிருந்தால் காணியும் இல்லை, இந்தப் படிப்பும் இல்லை. அத்தானுக்கும் அறிவித்தோம். “கெட்டிக்காரி. கொம்பியூட்டர் நான் வாங்கிக் குடுக்கிறன்,” என்றார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் மாறிவிட்டேன். அம்மாளிடம் ஊரும் பேரும் சொல்லிக் கேட்பதில்லை. எது நல்லதோ அதைத் தா என்று மட்டும் கேட்கிறேன். பிள்ளைகளுக்காக அழுகிற தாய்மாரே, நீங்களும் கேளுங்கள். வாய் தடுமாறிக் கேட்டாலும் பயப்படாதீர்கள். சொல் பிழைத்தாலும் காரியம் பிழையாக அவள் விடமாட்டாள். ஒன்று மட்டும், உங்கள் பிள்ளை என்ன சொல்கிறது என்றும் காது கொடுங்கள். அம்மாள் எனக்குப் பதில் சொன்னது அந்த வாயால்தான்.

இந்த ஆனித் திருவிழாவில் நேர்த்தியை நிறைவேற்றினேன். முழங்கால் தேய்ந்து, நெற்றியெல்லாம் மணலோடு எழும்பி நின்றபோது, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்து இப்போது கனடாவில் இருக்கிறவள் ஓடிவந்து தண்ணீர் தந்தாள்.

“என்னடி, என்ன நேர்த்தி?”

“மகள் கடல் கடந்து படிக்கப் போனதுக்கு.”

“அட! எந்த நாடு?”

நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். இறங்குதுறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

“இந்தக் கடல்தான். வெள்ளிக்கிழமைப் படகில வாறாள். நிண்டு பாத்திட்டுப் போ.”