எழுத்தில்லாத கற்கள்

தார் ரோடு வராத காலத்திலேயே ஜவ்வாது மலைக்கு லாரி ஏற்றியவன் நான். புளி மண்டி, மாவு மில், திருப்பத்தூரில் மாடி வீடு எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நானே உண்டாக்கியவை. மில் முகப்பில் என் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தேன். போன மாதம் மகன் மில்லை விற்றான். வாங்கியவன் முதல் வேலையாக அந்தப் பெயர்மேல் வெள்ளை அடித்தான்.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் நான் படித்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையார் நடத்தும் பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போனேன். அங்கே பிரார்த்தனை என்றால் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான். அதற்கான கூடத்தைக் கட்டிக் கொடுத்தவன் நான். பிரார்த்தனை முடிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். என் முறை வந்ததும் எழுந்தேன்.

"இந்த வாசல்ல என் பேரு போட்டு ஒரு கல்லு வைக்கணும்."

என்னோடு படித்த கோவிந்தம்மாள் சிரித்தாள்.

"இன்னாப்பா நீ, இங்க யார் பேரும் எழுதற வழக்கமில்லன்னு தெரியாதா? நம்ம வாத்தியாரு சமாதியில கூட இல்ல. பின்னால போய்ப் பாரு."

போனேன். எழுத்தில்லாத கற்கள் ஒரே மாதிரி கிடந்தன. எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் எந்தக் கல்லின் கீழ் இருக்கிறார் என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்றும் தெரியவில்லை. அவரை நினைக்க ஒரு கூடம் நிறைய ஆட்கள் இருந்தும் இந்தக் கதி. எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவருக்கு இது போதுமாயிருந்திருக்கலாம். எனக்குப் போதாது. அந்தக் கூடத்தைக் கட்டியவன் நான். கல்லில் வேண்டாம், இதைப் படிக்கிற நீங்கள் வாயாலாவது சொல்லுங்கள்.