சிலோன் மாஸ்டரின் பேர்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தங்கசாமி நடத்திய புரோட்டாக் கடையில் ஒன்பது வருஷம் கல்லுக்கு முன்னால் நின்றவன் பேர் தனுஷ்கோடி. அங்கே சாப்பிட்டு ஏப்பம் விட்டவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. எல்லாருக்கும் அவன் சிலோன். "சிலோன், ரெண்டு எண்ணெய்ப் புரோட்டா." "சிலோன், எனக்குக் கொத்து." இதில் தப்பு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. விசில் ஊதிக்கொண்டு தெருச் சுற்றும் நேபாளத்துக்காரனைக் கூர்க்கா என்கிறோம், அடகுக் கடைக்காரரைச் சேட்டு என்கிறோம், அவர்களெல்லாம் சண்டைக்கா வருகிறார்கள் என்பார்கள். சண்டைக்கு வர முடியாதவனாகப் பார்த்துத்தான் அப்படிக் கூப்பிடுகிறோம் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவனுடைய தாத்தா நரிக்குடிப் பக்கத்து ஆள். கண்மாய் வறண்ட ஒரு வருஷத்தில் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கப்பல் ஏறியவர். ஏறிய துறையின் பேரையே பின்னால் பேரனுக்கு வைத்தார். பேரன் பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில்.

எழுபத்தேழாம் வருஷம் ஆகஸ்டில் அந்த லயத்துக்குக் கூட்டம் வந்தது. கையில் கத்தி, டின்னில் மண்ணெண்ணெய். அண்ணன் அருஞ்சுனை கதவை முதுகால் முட்டுக் கொடுத்து நின்றான். பலகையைப் பிளந்த வெட்டு அவன் முதுகையும் பிளந்தது. பின்பக்கச் சந்து வழியாகப் பாய்ந்து தேயிலைச் செடிகளுக்குள் குப்புறக் கிடந்த தனுஷ்கோடிக்கு வயது இருபது. அண்ணன் அலறுவது கேட்டது, நின்றது. கூட்டம் கத்தியதெல்லாம் சிங்களம். நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. கள்ளத்தோணி. திருட்டுத்தனமாகத் தோணி ஏறி வந்தவன் என்று அர்த்தம். அந்த மண்ணிலேயே பிறந்தவனைப் பார்த்து அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வெட்டினார்கள்.

எண்பத்திரண்டில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, அவனை இந்தியாக்காரன் என்று எழுதி, கண்டியில் ஒரு இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, கப்பலில் ராமேஸ்வரத்துக்கு அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் ஒரு மாதம் கிடந்தான். நரிக்குடியில் போய்த் தாத்தாவின் பங்காளிகளைத் தேடினான். யாரும் உறவு கொண்டாட முன்வரவில்லை. கடைசியில் தங்கசாமி கடையில் மாவு பிசையச் சேர்ந்து, ஒரு மாதத்திலேயே கல்லுக்கு மாறினான். அங்கே டீ போட்டுக்கொண்டிருந்த சாம்ராஜ் முதல் நாளே கேட்டான்.

"எந்த ஊருலேருந்து வாரே?"

"சிலோன்ல இருந்து."

"அப்ப நீ சிலோன். ஏலே சிலோன், அந்த வாளிய எடு."

பேர் வைத்துவிட்டான். சாம்ராஜ் கெட்டவன் இல்லை. தன் பங்கு மீன் துண்டைத் தனுஷ்கோடி தட்டில் தள்ளிவிடுகிறவன். பாலவனத்தத்தில் வெள்ளைத்தாயைப் பெண் பார்க்கப் போனபோது கூட வந்து, அங்கேயும் சிலோன் மாஸ்டர் என்றே சொல்லிவைத்தவனும் அவன்தான். ஆனால் நாக்கில் மட்டும் நிதானம் கிடையாது. தனுஷ்கோடி ஒருநாள் மனசு விட்டு லயத்துக் கதையைச் சொல்ல, மறுநாளே கடை நிறைய ஆள் இருக்கும்போது, "வாரும் கள்ளத்தோணி" என்றான்.

அதற்குப் பிறகு நடந்தது தனுஷ்கோடிக்கே முழுசாக நினைவில்லை. சாம்ராஜின் முழங்கையைப் பிடித்துக் காய்ந்த புரோட்டாக் கல்லில் வைத்து அழுத்தினான். தோல் பொசுங்குகிற வாடை அடித்தது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அவன் பிடி விடவில்லை. தங்கசாமி அகப்பையைத் திருப்பி மண்டையில் ஒன்று போட்ட பிறகுதான் விட்டான்.

"வெளையாட்டுக்குச் சொன்னேம்லே. அதுக்குக் கொல்லுவியா?" என்று அழுதான் சாம்ராஜ்.

"அந்தச் சொல்லச் சொல்லாத. சிலோன்னு வேணா சொல்லிக்க."

இப்படித்தான் அந்தப் பேருக்கு அவனே சம்மதம் கொடுத்தான். இரண்டு அடியில் எது லேசாக விழும் என்று பார்த்து எடுத்துக்கொள்வதற்குப் பேர் சம்மதமா என்றால், எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

எண்பத்து மூன்றில் சிலோனில் மறுபடி தீ வைத்தபோது இந்த ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கல்லூரிப் பையன்கள் ஊர்வலம் போகிற வழியில் கடைக்குள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். தொண்ணூற்றொன்றில் மெட்ராஸ் பக்கம் முன்னாள் பிரதமரைக் கொன்ற குண்டு வெடித்த மறுநாள் அதே ஊர் வேறு கண்ணால் பார்த்தது. தினமும் நாலு புரோட்டா தின்கிற ஒரு லாரி டிரைவர் சால்னாக் கிண்ணத்தை அவன் மூஞ்சியில் எறிந்தான். புருவம் கிழிந்து, ரத்தமும் சால்னாவுமாக வழிந்தது. சிலோன்காரன் கை பட்டதைத் தின்ன மாட்டேன் என்றான் டிரைவர். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

ஒரு வாரத்தில், நடு மத்தியானம், மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"இங்க சிலோன்காரன் யாரு?"

கடையிலிருந்த அத்தனை விரலும் அவனைக் காட்டின.

ஸ்டேஷனில் முதல் கேள்வி பேர். "தனுஷ்கோடிங்கய்யா" என்றான். லத்தி முட்டியில் இறங்கியது. ராமேஸ்வரம் பக்கத்து ஊர்ப் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினான். அதிலும் அதே பேர்தான், ஆனால் கொடுத்த இடம் கண்டி என்றிருந்தது. இவன் இந்தியாக்காரன் என்று சொல்வதற்காகவே அச்சடித்த தாள் அது. கண்டி என்ற ஒரு சொல்லுக்காக அவனைக் குப்புறப் போட்டு உள்ளங்கால் வெடிக்கும்வரை அடித்தார்கள்.

மறுநாள் காலை ஒரு போலீஸ்காரன் யாரோ மாதிரிக் கடைக்குப் போய் டீ குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். "தனுஷ்கோடின்னு ஒரு மாஸ்டர் இங்க இருக்காராமே?"

முதலாளி ஊரில் இல்லை. நண்பனைப் பிடித்துக்கொண்டு போன பயம் சாம்ராஜுக்கு இன்னும் தெளியவில்லை. இன்னொருத்தனையும் தேடுகிறார்கள் போல என்று பதறி, "அப்படி ஒரு ஆளே இங்க கெடையாதுங்க" என்றான். அவனைப் பொறுத்தவரை அது சத்தியம்.

"ஊரே அப்படி ஒருத்தன் இல்லங்குது. நெசப் பேரைச் சொல்லுடா" என்றான் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தவன்.

"தனுஷ்கோடி."

ஒவ்வொரு தடவை சொன்னபோதும் ஒரு அடி விழுந்தது. மூன்றாம் நாள் அவனுடைய வலது கையைத் தரையில் விரித்து வைத்து ஒருவன் பூட்ஸ் காலால் ஏறி நின்றான். மாவை வீசுகிற விரல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கின. வேறு பேர் சொன்னால் விடுவார்கள் என்று தோன்றியது. வேறு பேர் அவனிடம் இல்லை. சிலோன் என்று சொன்னால் அதையே வாக்குமூலமாக எழுதிக்கொள்வார்கள். அதனால் தன் பேரையே சொல்லிச் சொல்லி அடி வாங்கினான்.

நாலாம் நாள் தங்கசாமி ஊர் திரும்பி, வியாபாரிகள் சங்கத்து ஆள் ஒருவரையும் வெள்ளைத்தாயையும் சாம்ராஜையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். லாக்கப்பில் சுவரோரம் கிடந்த தனுஷ்கோடிக்குப் பேச்சு முழுக்கக் கேட்டது.

"உங்க மாஸ்டர் பேரு என்னய்யா?" என்று கேட்டார் அதிகாரி.

"சிலோன்னுதாங்க கூப்புடுவோம்" என்றார் தங்கசாமி. சாம்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ சொல்லும்மா. உன் புருஷன்தானே?"

வெள்ளைத்தாய் புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை. அவள் ஊரில் யாரும் சொல்வதில்லை. "அவுக பேரு, கடல்ல போன ஊரு பேருங்க. ராமேஸ்வரத்துக்கு அந்தாண்ட" என்றாள்.

"கடலுக்கு அந்தாண்டையா?" அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

தப்பாகப் போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கல்யாணமாகி முதல் தடவையாகச் சொன்னாள். "தனுஷ்கோடி. எம் புருசன் பேரு தனுஷ்கோடி."

சாம்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முந்தாநாள் டீக் கிளாஸை நீட்டிக்கொண்டு தான் சொன்ன பதில் என்ன செய்திருக்கும் என்று அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

இரண்டு மணி நேரத்தில் வெளியே விட்டார்கள். தனுஷ்கோடியால் நடக்க முடியவில்லை. தங்கசாமியும் வெள்ளைத்தாயும் இரண்டு பக்கமும் தாங்கி வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். கை பூசணிக்காயாக வீங்கியிருந்தது. சாம்ராஜ் எதிரே வந்து மண்டியிட்டான். இனிமேல் சிலோன் என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தான். கண்ணீர் வழிய, பிரியமாக, மரியாதையாக, முதல் தடவையாகக் கூப்பிட்டான்.

"தனுஷ்கோடி."

தனுஷ்கோடி நொறுங்கிய கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டான். உடம்பு ஒடுங்கி, விழப்போகிற அடிக்காகக் காத்திருந்தது. அடி விழவில்லை என்று தெரிய வெகுநேரம் ஆயிற்று. பிறகு முழங்கைக்குள்ளிருந்தே மெல்லச் சொன்னான்.

"சிலோன்னே கூப்புடுலே."