சடங்கு முடியட்டும் என்று தள்ளிப்போட்ட கொழும்புப் பயணம்

மூத்த பேத்தி தாதியாக இருக்கிறாள். அடுத்த பேரன் கட்டாரில் எஞ்சினியர். கடைக்குட்டி புலமைப்பரிசில் பாஸ்பண்ணிப்போட்டான். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் எழுதுகிற பயணக் கதைகளை இந்த இணையப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறவள் அந்த மூத்தவள்தான். இந்தமுறை ஊர் பார்த்த பயணமில்லை. என் தம்பியின் இதய ஒப்பரேசனுக்காகக் கார்த்திகையில் மட்டக்களப்புப் பெரியகல்லாறிலிருந்து கொழும்புக்குப் போனோம்.

தம்பிக்கு அறுபத்தொரு வயது. வாவியில் மீன்பிடி. சித்திரையில் தோணிக்குள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற இடதுபக்கக் குழாய், பிறவியிலேயே இடம்மாறி, நுரையீரலுக்குப் போகிற குழாயிலிருந்து கிளம்பியிருக்கிறதாம். "இந்தக் குறையோட பிறக்கிற பிள்ளைகள் தப்புறதே அருமை. ஐயா இவ்வளவு காலம் இருந்தது பெரிய விஷயம்," என்று சொல்லி, வைகாசியில் ஒப்பரேசனுக்குத் தேதி தந்தார் டொக்டர்.

அது கண்ணகி அம்மன் சடங்கு நாள். இந்த வருஷம் அதை நடத்துகிற முறை எங்கள் குடிக்கு, அதாவது எங்கள் தாய்வழிச் சொந்தங்களுக்கு. சடங்கில் அம்மனின் கலியாணத்துக்கு நடுகிற கலியாணக்காலுக்கு மரம் வெட்டுகிறவன் தம்பி.

"முறையை விட்டுட்டுப் போனா குடிக்கு என்ன மரியாதைகா? அம்மாள் பார்த்துக்குவா," என்றான் தம்பி.

நாங்களும் ஓம் என்றோம். அடுத்த தேதி கார்த்திகையில்தான் கிடைத்தது.

காலை ஐந்துக்கு வான் வெளிக்கிட்டது. ஏறக்குறைய 340 கிலோமீற்றர். போய்வரக் கூலி எண்பத்தையாயிரம். ஓட்டமாவடியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம்.

"அக்கா, இத்தின சோத்துப் பார்சல் ஆருக்கு? டொக்டருக்குமா?" என்றான் தம்பி.

"எனக்கும் ஒண்டு இரிக்குதானே உம்மா?" என்றார் காத்தான்குடி டிரைவர்.

பொலன்னறுவை தாண்ட மழை. கொழும்பு சேரப் பின்னேரம் மூன்று.

அந்தக் குழாயைக் கிளம்புகிற இடத்திலேயே கட்டி, காலிலிருந்து எடுத்த நரம்பால் புதுவழி வைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் டொக்டர் சொன்னார்: "இந்த ஆறு மாசத்தில இதயத் தசை நல்லாப் பழுதாப்போச்சு. செத்த தசை திரும்பாது. இனித் தோணி வேணாம்."

"கரையில நிண்டு வலை வீசலாமா ஐயா?"

"அதுவும் வேணாம்."

திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் தம்பி வாவிப் பக்கம் பார்க்கவேயில்லை.

கோடரி பிடிக்க எங்கள் குடியில் வேறு ஆம்பிளைகள் இல்லையா? அன்றைக்கு ஒருவரும் வாய்திறந்து அதைச் சொல்லவில்லை. ஒப்பரேசனுக்குப் போகப்போகிறவர்களே, தேதி தந்தால் போய்விடுங்கள். சடங்குக்கு ஆள் மாற்றலாம். ஆஸ்பத்திரி வாட்டில் குளிரும், கம்பளிப் போர்வை கொண்டுபோங்கள். ரத்தம் கொடுக்க ரெண்டு பேரைக் கூட்டிப்போங்கள்.

இதை ஏற்றப்போகிற மூத்த புள்ள, இந்தப் பக்கத்தில் தம்பி தோணியில் வலையோடு நிற்கிற படம்தான் இன்னும் கிடக்கிறது. பார்த்தவர்கள், அவன் தொழிலுக்குப் போறானா என்று கேட்கிறார்கள். அதை எடுத்துப்போட்டு, போன கிழமை முற்றத்தில் கதிரையில் இருக்கவைத்து எடுத்த புதுப் படத்தைப் போட்டுவிடு.